ஒரே ஒரு பட்டன்

போன வாரம் கரண்ட் போய் வந்ததில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் மெமரி கார்டு மண்டையைப் போட்டது. புதுக் கார்டில் புது சிஸ்டம் ஏற்றி, பழைய கேமரா புரோகிராமைப் போட்டு 'எடு' பட்டனை அமுக்கினால், ராஸ்பிஸ்டில் என்றொரு கட்டளையே கிடையாது என்கிறது. கிடையாதா? 2013 மே மாதம் அதன் 5 மெகாபிக்சல் கேமரா விற்பனைக்கு வந்த நாள்முதல் இருந்த கட்டளை ஐயா அது! 2021இல் புல்ஸ்ஐ என்ற சிஸ்டம் பதிப்பு வந்தபோது அதை ஓரங்கட்டிவிட்டு லிப்கேமரா-ஸ்டில் என்றார்கள். அதற்கும் ஆயுசு கெட்டியில்லை. 2023இல் அடுத்த பதிப்பான புக்வோர்ம் வந்த பிறகு ஆர்பிகேம்-ஸ்டில் ஆகிவிட்டது. நம் ஊரில் தெருப் பெயரை மாற்றினாலும், பழைய பெயரைச் சொன்னால் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். இங்கே அந்த ஈவிரக்கம்கூட இல்லை.

சரி, பைத்தான் நூலகத்தையாவது நிறுவலாம் என்று அதை நிறுவும் பிப்பைக் கூப்பிட்டால், இது சிஸ்டத்தின் சொத்து, கை வைக்காதே என்று விரட்டுகிறது. மீறியே தீருவேன் என்றால் 'சிஸ்டம் பேக்கேஜுகளை உடை' என்று நாமே கைப்பட அடித்துக்கொடுக்க வேண்டும். எழுதி வாங்கிக்கொள்கிறார்களாம்.

இத்தனைக்கும் சின்ன புரோகிராம்தான். ஒரு ஜன்னல், அதில் படம், கீழே ஒரே ஒரு பட்டன். ஜன்னல் வரையும் பைத்தான் நூலகமான டிக்கின்டரில் பத்து வரியில் முடியும். எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஸ்லைடர் பற்றி ஒரு வார்த்தை.

ஒரு பட்டனோடு நிறுத்தியவர் நம்மில் யார்? பட்டன் வேலை செய்ததுமே பக்கத்து இடம் காலியாகக் கண்ணை உறுத்தும். வெளிச்சத்துக்கு ஒரு ஸ்லைடர் வைப்போம். அதை வைத்தால் கான்ட்ராஸ்ட் கோபித்துக்கொள்ளும். அதையும் வைத்தால் ஷட்டர் வந்து நிற்கும். ஷட்டருக்குக் கணக்கு மைக்ரோசெகண்டில். ஒரு நொடிக்கு 10,00,000. அந்தப் பழைய கேமரா 6 நொடி வரை தாங்கும் என்பதால் நாமும் 60,00,000 வரை விடுவோம். எதற்கு? நட்சத்திரம் எடுக்க! ஸ்லைடரோ திரையில் 300 பிக்சல் நீளம். வகுத்துப் பாருங்கள்: ஒரு பிக்சல் நகர்த்தினால் 20,000 மைக்ரோசெகண்ட், அதாவது 1/50 நொடி. வெயிலில் எடுக்கும் அத்தனை படமும் முதல் பிக்சலுக்குள்ளேயே நெருக்கியடித்துக் குடியிருக்கும். மிச்ச 299 பிக்சலிலும் வெள்ளை வெளேர். உடனே லாகரிதம். லாகரிதம் வந்தால் எண்ணைக் காட்ட ஒரு பெட்டி. பெட்டியில் எண் மாறினால் ஸ்லைடர் நகர வேண்டும், ஸ்லைடர் நகர்ந்தால் பெட்டி மாற வேண்டும், பெட்டி மாறினால் மறுபடி ஸ்லைடர்... இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டு மாய, போர்டு கொதிக்கும். ஒயிட் பேலன்ஸுக்கு ஒரு மெனு: வெயில், மேகம், நிழல், டியூப்லைட். எஃபெக்டுக்கு ஒன்று: எண்ணெய் ஓவியம், பென்சில், கார்ட்டூன். தோசை மாவைக் கார்ட்டூனாக யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கக் கூடாது.

ஆமாம், படம் பிடிக்க வேண்டியது மாவு பொங்குவதைத்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம்.

"ஏங்க, அதைப் போன்ல எடுத்தா ஆகாதா?" என்றாள் மனைவி.

ஆகும். அதுதான் எரிச்சலே.

ராஸ்பிஸ்டில்லும் ஒன்றும் உத்தமமில்லை. அதன் முன்னோட்டத்தைத் திரையில் வரைவது கிராபிக்ஸ் சிப். அப்படியொன்று இருப்பதே டெஸ்க்டாப்புக்குத் தெரியாது. ஜன்னலை இழுத்தால் ஜன்னல் மட்டும் வரும். படம் இருந்த இடத்திலேயே, 'நிறுத்து' பட்டன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும். ஆனாலும் பழகிய சனியன்.

பத்து வரிதானே? அடுத்த பெயர் மாற்றத்துக்குள் எழுதி முடித்தால் சொல்கிறேன். அதுவரை, 2019இல் வந்த பஸ்டர் பதிப்பு போட்ட கார்டு யாரிடமாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அப்டேட் செய்யாதீர்கள். இன்றைக்கே ஒரு நகல் எடுத்து வையுங்கள். முடிந்தால் எனக்கும் ஒன்று.