பொன்மலை அண்ணன்

திருச்சியில் எந்த அலுவலகத்திலும் இவர் ஒருவர் இருப்பார். அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போக வேண்டும். வீடு ஸ்ரீரங்கம். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு டெஸ்டர். 2022-இல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, எந்தப் பக்கம் சுற்றினால் சங்கு ஊதுவதற்குள் போகலாம் என்று மொத்த செக்‌ஷனுக்கும் வாட்ஸ்அப்பில் போட்டவர் இவரே.

புதிதாக எது வந்தாலும் முதலில் திட்டுவார். "இதெல்லாம் நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது தம்பி." மறுநாள் யாரும் பார்க்காதபோது கையேட்டைப் புரட்டுவார். மூன்றாம் நாள் கம்ப்யூட்டருக்குப் பயப்படும் சீனியருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத அப்ரண்டிசுக்கும் அவர்தான் வாத்தியார். திட்டுவது மட்டும் நிற்காது.

நீராவியிலிருந்து டீசலுக்கு அந்தப் பணிமனை மாறியது இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான். வேடிக்கை என்னவென்றால், நீராவிக் காலம் மலையேறிய பிறகு, ஊட்டி மலை ரயிலுக்காக எண்ணெயில் எரியும் புது நீராவி எஞ்சினை 2011-இல் அங்கேயே கட்டினார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று அன்று எத்தனை அண்ணன்கள் சொன்னார்களோ!

இவரை அளக்கப் பார்த்த கதை பழசு. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம் முதலிய பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கியபோது, ஆள்குறைப்புக்குக் கையிலெடுத்த ஆயுதம் தொழில் தேர்வு. தேர்வென்ற பெயரில் சீட்டுக் கிழியும் என்பது தொழிலாளருக்குப் புரிந்தது, மறுத்தார்கள். 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதை முன்னின்று நடத்திய தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார்.

2007-இல் கிரிஃபின், நீல், பார்க்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நல்லவிதமாக ஒரு அளவுகோல் செய்தார்கள். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வது, மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது, தானாகவே முன்வந்து மாற்றுவது: இந்த மூன்றையும் தனியாள், குழு, நிறுவனம் என்று பிரித்து ஒன்பது கட்டம்.

அதை அண்ணனிடம் நீட்டினால் என்ன ஆகும்? "மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கிறீர்களா?" என்ற இடத்தில், "வேற வழி?" என்று ஓரத்தில் எழுதுவார். "முன்வந்து யோசனை சொல்கிறீர்களா?" என்றால், "சொன்னா யார் கேக்குறா?" மேலதிகாரியிடம் கேட்டாலும் பயனில்லை, அவருக்குத் தெரிந்தது அண்ணனின் புலம்பல் மட்டுமே. எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' போட்ட இளைஞரோ, "அண்ணே, ஸ்கிரீன் சிவப்பாயிடுச்சு" என்று கூவிக்கொண்டிருப்பார்.

மனிதவள அதிகாரிகளே, படிவத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுங்கள். "சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும்.