மாத்திரை உமிழியல்: டிக்கோயா லயத்து நாய்களை முன்வைத்து ஓர் அறிமுகம்

ஆய்வுப் பொருள்: நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுத்தல். களம்: இலங்கையின் டிக்கோயா, பணிய லயம், கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பு (முன் திண்ணை). காலம்: மழை விட்ட நேரம். கருதுகோள்: நாய் விழுங்கும். கருதுகோள் பொய்த்ததால் இக்கட்டுரை எழுந்தது. பலித்திருந்தால் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.

முன்னோர் ஆய்வுகளை மதிப்பிடாமல் எந்த ஆய்வேடும் இரண்டாம் பக்கத்துக்குப் போகக் கூடாது என்பது மரபு. ஆகவே 1911க்குப் போவோம். அவ்வாண்டு லூஸ் என்னும் அறிஞர், இலங்கைப் புனுகுப் பூனை ஒன்றின் குடலில் இருந்த கொக்கிப் புழுவுக்கு அன்சைலோஸ்டோமா சைலானிக்கம் என்று நாட்டின் பேரையே சூட்டினார். நாய், பூனை, மனிதன் என்று பேதம் பாராமல் குடியிருக்கும் புழு அது. 1913இல் லைப்பர் எழுந்து, இது ஏற்கெனவே பெயர் பெற்ற பிரேசில் புழுவேதான், வேறல்ல என்றார். 1951இல் பியோக்கா எழுந்து, வேறுதான் என்று நிறுவினார். இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டும் அந்தப் புழு எந்தக் கட்சியிலும் சேராமல் இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர்கள் சண்டையில் இத்தனை லாபம் பார்த்த மூன்றாம் தரப்பு வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப் புழு ஒழிப்பு 1916இல் தொடங்கியது. வெறுங்காலோடு மலையேறியவர்களின் பாதத் தோல் வழியே புழு நுழைந்த காலம் அது. 1921இல் அமெரிக்காவில் மோரிஸ் ஹால் என்பவர் கார்பன் டெட்ராகுளோரைடைக் கொக்கிப் புழு மருந்தாக முதலில் நாய்களுக்குக் கொடுத்தார். நாய்கள் பிழைத்ததைப் பார்த்துத் தாமும் விழுங்கினார். அதன் பிறகே அது மற்ற மனிதருக்கு வந்தது. ஈரலைக் கெடுக்கிறது என்பதால் பின்னாளில் கைவிடப்பட்டது. எனவே இத்துறையில் நாயே மூத்த ஆய்வாளர், நாம் இளநிலை (காண்க: இஸ்தோப்பு வாய்மொழித் தொகுதி, முதற் படி).

இனி நிறை. பிராசிகுவாண்டல், பைரண்டல், பெபண்டெல் மூன்றும் சேர்ந்த மாத்திரை பொதுவாகப் பத்துக் கிலோ உடம்புக்கு ஒன்று. கண்ணால் நிறுப்பது ஆய்வாகாது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக் கொள்க. கொழுந்துத் தராசில் நிறுக்கலாமா என்ற வினாவுக்கு அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிக்கும் பழக்கத்தில் நாயிலும் கழித்துவிட்டால் மருந்து குறைந்துபோகும் என்கிறது மேட்டு லயக் கட்சி.

நாய்கள் மூவகைப்படும்.

விழுங்கும் நாய்: இது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓடும் நாய்: தேயிலைக்குள் தேடுக.

உமிழும் நாய்: இதுவே நம் ஆய்வின் உயிர். எங்கள் டைகர் இவ்வகை. கோதுமை ரொட்டித் துண்டுக்குள் மாத்திரையைப் பொதிந்து கொடுத்தோம். ரொட்டி உள்ளே போனது, மாத்திரை வாசற்படியில் கிடந்தது. கருவாட்டுத் துண்டில் வைத்தோம். கருவாடு போனது, மாத்திரை அதே படியில், ஈரம்கூட இல்லாமல். ரொட்டி மூலபாடம் என்றால் மாத்திரை இடைச்செருகல். ஓர் அடி செருகலா, மூலமா என்று நம் பதிப்பாசிரியர்கள் கருத்தரங்கு கருத்தரங்காக மோதிக்கொள்ள, டைகர் மூலத்தைச் செரித்துச் செருகலைத் துப்பிவிட்டு வாலை ஆட்டுகிறது. முன்னுரையில் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. முந்தைய பதிப்பாசிரியரைத் திட்டுவதுமில்லை. இவ்விரண்டு குறைகளால் அதற்குப் பட்டம் கிடைப்பது அரிது.

செருகலை அது எப்படிக் கண்டுகொள்கிறது என்பதில் கருத்து வேறுபாடும் உண்டு. டைகர் மணத்தால் அறிகிறது என்பது மணவாதம். நாக்கின் உறுத்தலால் அறிகிறது என்பது உறுத்தல்வாதம். நம் முகத்தைப் பார்த்தே அறிகிறது என்பது முகவாதம் (இஸ்தோப்பு வாய்மொழித் தொகுதி, இரண்டாம் படி, தேத்தண்ணிக் கறை படிந்த தாள், அதன் மீதான தொங்க லயத்து உரை, அவ்வுரைக்கு நாய் கடித்த ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்பு, அக்குறிப்பு தன்னுடையதே என உரிமை கோரி எதிர்க் காம்பராவிலிருந்து எழுந்த கூச்சல், மழைநாட் பதிப்பு). முதல் ரெண்டு துண்டை வெறுமனே போட்டு, மூன்றாவதில் மாத்திரையை வைத்து, நாலாவதைக் கண்முன் ஆட்டிக் காட்டினால் அவசரத்தில் விழுங்கும் என்பது சமரசவாதம். இது பெரும்பாலும் பலிக்கிறது. ஆதலால் விவாதத்துக்கு உதவாது.

செருகக் கூடாதவை: வெங்காயம் சேர்ந்த சம்பலும் கறியும், ஏனெனில் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினின் மிச்சத்தை ஊற்றுவது எல்லா வாதங்களுக்கும் புறம்பானது. மாட்டு அளவுக்கான மருந்து நாயின் மூளையைத் தாக்கும், கோலி இன நாய்களுக்கு இன்னும் மோசம். இனிக் காலக் கணக்கு. குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலேயே வட்டப் புழுவும், பாலில் கொக்கிப் புழுவும் சேர்ந்துவிடுவதால், இரண்டு வாரத்திலேயே தொடங்கி இரண்டு வாரத்துக்கொரு முறை, பால் மறக்கும் வரை மருந்து கொடுக்க வேண்டும். தாய்க்கும் கூடவே. வளர்ந்ததற்கு மூன்று மாதத்துக்கொரு முறை. நோஞ்சானாக இருந்தாலோ சினையாக இருந்தாலோ மிருக வைத்தியரைக் கேட்ட பிறகே.

இக்கட்டுரையின் முதற்படியை இஸ்தோப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “தள்ளுய்யா கொஞ்சம்” என்றார். டைகரின் மேல் தாடையைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் ஒரு கையால் பிடித்தார். மறு கையால் கீழ்த்தாடையை இறக்கி, மாத்திரையை அடிநாக்கில் வைத்து, வாயை மூடி, முகத்தை அண்ணாத்தாமல் தொண்டையைத் தடவினார். டைகர் மூக்கை நக்கியது. விழுங்கிவிட்டதற்கு அது அடையாளமாம். ஒரு மிடறு தண்ணியும் காட்டினார்.

இம்முறைக்கு மேற்கோள் ஒன்றுகூட இல்லை. அடிக்குறிப்பும் இல்லை. ஆகவே ஆய்வுக் குழு இதை நிராகரிக்கிறது.