பிரின்டருக்கு நிரந்தர முகவரி

பதினொரு மாத அக்ரிமென்டில் குடியிருப்பவன் நான். அதைப் புதுப்பிக்கும் சமயத்தில்தான் எங்கள் பிரின்டருக்கும் முக்கியமான வேலை வரும். இந்த முறை பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ‘ஆஃப்லைன்’ என்றது. பிரின்டரோ பச்சை விளக்கு எரிய, எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: தூக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது. பட்டியலில் இப்போது காப்பி 1, காப்பி 2, காப்பி 3 என்று அதன் குடும்பம் பெருகியிருக்கிறது. அச்சு மட்டும் வரவில்லை.

எதிர்வீட்டு இன்ஜினீயரிங் பையன் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அங்கிள், உங்க பிரின்டரும் வாடகைக்குத்தான் இருக்கு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரவுட்டர் கொடுக்கும் ஐபி முகவரிக்குப் பெயரே லீஸ்தான். 1993-ல் வகுத்த டிஹெச்சிபி என்கிற ஏற்பாடு. எங்கள் ரவுட்டரில் கெடு 24 மணி நேரம். பாதிக் கெடு கழிந்ததும் கருவிகள் தாமே புதுப்பித்துக்கொள்ளும். நானோ கரன்ட் பில்லுக்குப் பயந்து சுவிட்சையே அணைத்துவைப்பவன். தூங்குகிறவன் எப்படி லீஸைப் புதுப்பிப்பான்? போன மாதம் 192.168.1.7-ல் இருந்தது, இப்போது 12-ல். கம்ப்யூட்டர் இன்னமும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது.

பையன் தலை மறைந்ததும் பிரின்டரின் சின்னத் திரையில் 7-ஐ என் கையாலேயே பதித்தேன். ரவுட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. பிரின்டர் தூங்கிய நேரத்தில் ரவுட்டர் 7-ஐ டிவிக்குக் கொடுத்துவிட்டது. மறுநாள் பிரின்டரைப் போட்டேனா, ஒரே மனைக்கு இரண்டு பேர் பட்டா நீட்டிய கதைதான். பக்கம் பாதியில் நின்றது. மாமியார் பார்த்துக்கொண்டிருந்த சீரியலும், வில்லி பாலில் விஷம் கலக்கும் நேரம் பார்த்துச் சுற்ற ஆரம்பித்தது. அன்று காபி எனக்கு ஆறித்தான் வந்தது.

பையனே மறுபடி வந்தான். கையால் பதிப்பதானால் ரவுட்டர் பங்கிடும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டுமாம். எங்களுடையது 2 முதல் 199 வரை. இல்லாவிட்டால் பிரின்டரைத் தானியங்கியிலேயே விட்டு, பன்னிரண்டு எழுத்துள்ள அதன் மேக் முகவரியை ரவுட்டரில் எழுதி, அதற்கென்று ஒரு எண்ணை ஒதுக்கலாம். இருபது பிரின்டர் உள்ள ஆபீசில் இதுதான் வசதி, கணக்கெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒரே ஒரு பிரின்டருக்கும் அதையே செய்தோம். டிவி 9-க்குக் குடிபோனது.

அச்சு வந்தது. அக்ரிமென்டோடு மாடியேறினேன். தன் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வீடு வேண்டும் என்றார் ஓனர்.

புது வீட்டில் வேறு கனெக்‌ஷன், வேறு ரவுட்டர்.

“ஏங்க, பிரின்டருக்கு நிரந்தர முகவரி வாங்கினீங்களே, அதை எந்த அட்டைப்பெட்டியில வெச்சீங்க?” என்றாள் மனைவி.