பெல் பட்டன் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒரு வக்கீல், ஒரு வாத்தியார் என்றிருந்த காலம் போய், குடும்பத்துக்கு ஒரு யூடியூபர் என்றாகிவிட்டது. காதில் கடுக்கன் போட்ட கல்லூரிப் பையன் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பெரும்பாலும் அவர் ஏதோ ஒரு பெரியப்பா, பணி ஓய்வு பெற்றவர். நான் சொல்ல வருகிறவர் மின்வாரியத்தில் காலம் தள்ளியவர். சேனல் பெயரில் ‘சிகரம்’, ‘சிந்தனை’, ‘வெற்றி’ என்ற மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது இந்த இனத்தின் எழுதாத சட்டம். இவர் மூன்றையும் வைத்திருக்கிறார்.

கல்யாண மண்டபத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மொய் எழுதும் மேஜைக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவரின் செல்போன் இவர் கைக்கு எப்படிப் போகிறது என்பது இன்றுவரை யாருக்கும் புரிந்ததில்லை. “லாக்கை மட்டும் எடுத்துக் குடும்மா, மிச்சத்தைப் பெரியப்பா பார்த்துக்கறேன்.” தானே தேடி, தானே சப்ஸ்கிரைப் செய்து, பெல் பட்டனையும் தானே அமுக்கித்தான் திருப்பித் தருவார். தயங்குகிறவர்களுக்குத் தனி வைத்தியம்: “உன் காதுகுத்துக்கு ஐநூத்தி ஒண்ணு வெச்சவன்டா நான். ஒரு பட்டனை அமுக்க இவ்ளோ யோசிக்கிறே?”

அவர் கணக்கில் சப்ஸ்கிரைபரும் மொய் மாதிரிதான். வைத்தால் திரும்பி வரவேண்டும். சக பெரியப்பாக்களோடு ஒப்பந்தமும் உண்டு: உன் சேனலுக்கு நான், என் சேனலுக்கு நீ. இந்தப் பண்டமாற்றை யூடியூப் தடை செய்திருக்கிறதே என்றால், “சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன் செய்யறதை அமெரிக்காக்காரன் வந்து கேப்பானாடா?” என்பார்.

கல்யாணங்கள், ஒரு வளைகாப்பு, கொஞ்சமும் கூச்சப்படாமல் ஒரு பதினாறாம் நாள் காரியம் என்று அலைந்து ஆயிரம் பேர் தேறிவிட்டார்கள். அன்று வீட்டில் கேசரி. மறுநாள்தான் விதியின் அடுத்த வரியை யாரோ படித்துக் காட்டினார்கள். விளம்பர வருமானம் வர ஆயிரம் பேர் மட்டும் போதாது. பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரம் வீடியோவைப் பார்த்திருக்கவும் வேண்டும். 2018 முதல் நீளமான வீடியோக்களுக்கு இதுதான் சட்டம். தலைக்கு நாலு மணி நேரம்! சொந்தக்காரர்களோ முதல் பெல் அடித்த உடனேயே பெல்லை அணைத்துவிட்டிருந்தார்கள். திறந்து பார்த்த சிலரும் ‘வணக்கம் நண்பர்களே’ முடிவதற்குள் ஓடிவிட்டார்கள். அந்த வணக்கம் ஒன்றரை நிமிடம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரியம்மாவின் போனில் ராத்திரி பூராவும் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரே போன் இரவு பகலாக ஓடினாலும் 4,000 மணிக்கு 166 நாளுக்கு மேல் ஆகும். அப்படி ஓட்டுவதை யூடியூப் கணக்கில் சேர்ப்பதுமில்லை. பெரியம்மா வேறு, “என் தங்கச்சி போன் பண்ணினா நீங்கதான் வந்து சிந்திக்கச் சொல்றீங்க” என்று சார்ஜரைப் பிடுங்கிவிட்டார்.

இந்த நிலைமையில், பக்கத்து வீட்டுக்காரர் கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். பெரியப்பா கைலியோடு மீட்டர் பெட்டி முன்னால் நின்று விளக்கியதை அவருடைய பேரன் சும்மா படம் பிடித்து ஏற்றிவிட்டான். வணக்கம் இல்லை, சிந்தனை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், 500 வரை ஒரு கணக்கு. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலை போய்விடும். அதனால்தான் ரீடிங் எடுக்க நாலு நாள் தாமதமானால் சிலருக்குப் பில் எகிறுகிறது. அவ்வளவுதான் பேசினார். அதிலும் பாதி திட்டு.

முன்பின் தெரியாதவர்கள் கடைசிவரை பார்த்தார்கள். அடுத்த பில் வந்ததும் திரும்பவும் வந்து பார்த்தார்கள். “ஐயா, எங்களுக்கு 510 வந்திருக்கு.” “ஐயா, வாடகை வீடு, ஓனர் தனி மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குறாரு, இது சரியா?” மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார்: “வெள்ளை அட்டையில் போன தடவை ரீடிங் என்னன்னு பார்த்துச் சொல்லுங்க. இணைப்பு எண்ணை இங்கே போடாதீங்க.” கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த அதே அதட்டல். அந்த அதட்டலுக்காகவே சிலர் வந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பைசா மொய் வைக்காத ஜனம் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒருவரும் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை.

பெரியப்பாவுக்கு இதில் துளியும் சந்தோஷம் இல்லை. “சர்வீஸ்ல இருந்தப்பவும் மீட்டரு, ரிட்டயர் ஆகியும் மீட்டரா?” என்று புழுங்கினார். போன வாரம் ‘வெற்றியின் ஏழு படிகள்’ வெளியானது. முகப்பில் மட்டும் கரண்ட் பில் படம். இரண்டாம் படி தாண்டுவதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார்: “ஐயா, மீட்டர் எப்ப வரும்?”

பெரியப்பா உடனே பதில் போட்டார்: “பொறுமை. நாலாவது படியில் வரும்.”