அந்தரத்தில் தொங்கும் கால்கள்

வெள்ளிக்கிழமை மாலை. ஜித்தா ஷரஃபியாவில் நான்கு கடைகளில் புரோட்டா தின்றுவிட்டு, "அந்த மூணாவது கடை மாதிரி வராதுண்ணே" என்று தீர்ப்புச் சொல்லும் பரம்பரை நாம். நாலு கடைக்கும் மைதா ஒரே மூட்டைதான்.

இதே ஆராய்ச்சியை ரோலர் கோஸ்டரில் செய்பவர்கள் உண்டு. தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, கால்கள் அந்தரத்தில் தொங்கும் ரகம். நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் 1994இல் தொடங்கி, இட்லித் தட்டில் வார்த்ததுபோல் இதை விற்றது. அதிகம் போன அச்சு 689 மீட்டர், ஐந்து தலைகீழ்ச் சுழற்சி. அமெரிக்காவில் நான்கு பூங்காக்கள் பெயர் யோசிக்கவும் சோம்பல்பட்டு, 'மைண்ட் இரேசர்' என்றே வைத்தன. ரசிகர்கள் விடுவார்களா? விமானம் ஏறிப் போய், "அங்கே இடது காதில் இடித்தது, இங்கே வலது காதில்" என்று ஒப்பிடுகிறார்கள்.

சென்னைக்கும் 2025 டிசம்பரில் தொங்கும் யோகம் வந்துவிட்டது: வொண்டர்லாவின் 'தண்டோரா'. இது சுவிட்சர்லாந்துச் சரக்கு.

"லீவுல போய் ஏறுவமா மச்சான்?" என்றான் அறைத்தோழன்.

"காசு குடுத்தா? ரெண்டு வருஷத்துக்கு ஒரு சுத்து. கால் ஊர்லயும் இல்ல, இங்கயும் இல்ல. கடைசில ஏறின இடத்துலயே இறக்கி விட்டுடறான். அதுலதானேடா பன்னெண்டு வருஷமா உக்காந்திருக்கோம்!"

புரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.