காபி இருக்கிறதா, பார்த்துச் சொல்!

கணினிக்காரர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராது. எனக்கும் வராது; அந்தப் பிழைப்பில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் இது திண்ணையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிற சோம்பல் இல்லை. படியிறங்கிப் போய் எட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியத்தைத் தவிர்ப்பதற்காக, ராப்பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற சோம்பல். இதற்கு உழைப்பு அதிகம் பிடிக்கும். எல்லாராலும் முடியாது.

இணையம் பிறந்த கதையைச் சொல்ல வருகிறவர்கள் அமெரிக்க ராணுவம், பனிப்போர் என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். நான் படித்த வரையில் அந்தக் கதையில் பாதி, தொண்டை வறண்ட கணினிக்காரர்கள் மாடிப்படி ஏற மறுத்த கதைதான்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1980களின் தொடக்கம். கணினித் துறை இருந்த வீன் ஹால் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கோக் மெஷின் இருந்தது. மாணவர்களின் அறைகளோ மூலைக்கு ஒன்றாக. அவ்வளவு தூரம் நடந்து போனால் இரண்டு விதமான சோகங்களில் ஒன்று காத்திருக்கும். மெஷின் காலியாக இருக்கும். அல்லது அப்போதுதான் நிரப்பியிருப்பார்கள், பாட்டில் வெதுவெதுவென்று வந்து விழும். இரண்டாவதுதான் பெரிய சோகம், ஏனென்றால் காசு உள்ளே போய்விட்டது.

டேவிட் நிக்கல்ஸ் என்ற மாணவர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். மெஷினின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. பாட்டில் விழுந்தால் சில வினாடிகள் எரிந்து அணையும். வரிசை காலியானால், மறுபடி நிரப்பும்வரை எரிந்துகொண்டே இருக்கும். நிக்கல்ஸும் கூட்டாளிகளும் அந்த விளக்குகளிலிருந்து கம்பி இழுத்துத் துறையின் கணினியோடு சேர்த்தார்கள். எந்த வரிசை எப்போது நிரம்பியது என்று கணினி மணிக்கணக்குப் பார்த்தது. உள்ளே போய் மூன்று மணி நேரமான பாட்டிலுக்குக் 'குளிர்ந்தது' என்று சான்றிதழ் கொடுத்தது. அன்றைய இணையமான அர்ப்பாநெட்டில் இருந்த எந்தக் கணினியிலிருந்தும் இதை விசாரிக்கலாம். அதாவது கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரு கண்டத்துக்கு அப்பால் பிட்ஸ்பர்க்கில் மூன்றாவது மாடியில் இடதுபக்க வரிசை கோக் ஜில்லென்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டு என்ன செய்வார் என்றெல்லாம் கேட்கப்படாது. இன்று எங்கள் வீட்டு வாஷிங் மெஷின், துணி துவைத்து முடித்த செய்தியை, நான் ரயிலில் போகும்போது எனக்கு அனுப்புகிறது. நான் என்ன செய்கிறேன்? அது மாதிரிதான்.

அதே பல்கலைக்கழகத்தில்தான் சிரிப்புக் குறியும் பிறந்தது. லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எழுதியதை வேறு சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் ஜோக்கடித்தால் பக்கத்தில் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாகப் போட்டுவிடுங்கள் என்று ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் 1982 செப்டம்பர் 19 அன்று யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனால் இந்தக் கட்டுரையில் வருகிற ஆசாமிகள் யாரும் அதைப் பின்பற்றவில்லை. செய்ததையெல்லாம் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டே செய்தார்கள்.

முக்கியமாகக் கேம்பிரிட்ஜ்காரர்கள். 1991. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே நடையில் ஒரு காபி மெஷின். ஆராய்ச்சியாளர்கள் பல மாடிகளில் சிதறிக் கிடந்தார்கள். புதுக் காபி இறங்கியதும் பக்கத்து அறைக்காரர்கள் மொய்த்துவிடுவார்கள். மாடியிலிருந்து இறங்கி வருகிறவருக்கு ஜாடியின் அடியில் ஒட்டிய கறைதான் மிச்சம். அறிவாளிகள் நிறைந்த இடத்தில் இப்படியொரு அநியாயம் எத்தனை நாள் நடக்கும்?

லேபில் குடுவை மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு ஒன்றை எடுத்து, அதில் கேமராவைக் கவ்வ வைத்து, ஜாடியைப் பார்த்துத் திருப்பினார்கள். கேமராவின் ஒயர் ஒரு ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கணினிக்குப் போனது. பால் ஜார்டெட்ஸ்கி அந்தப் பக்கத்துப் புரோகிராமை எழுதினார். க்வென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் இந்தப் பக்கம் 'எக்ஸ்காபி' எழுதினார். அவரவர் திரையின் ஓரத்தில் 128க்கு 128 புள்ளியில், தபால்தலை மாதிரி, கறுப்பு வெள்ளையில் ஜாடி தெரியும். நிமிடத்துக்கு மூன்று முறை படம் மாறும். ஜாடி நிரம்புகிற வேகத்துக்கு அது தாராளம். வண்ணம் இல்லையே என்றால், அந்தக் காபியே சாம்பல் நிறம்தான் என்று ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் பிற்பாடு கிண்டலடித்திருக்கிறார். இவ்வளவு ஏற்பாடும் நல்ல காபிக்காக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கும்பகோணத்துக்காரர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

எனக்கு இதில் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஜாடியில் எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ்காபி சொல்லும். காலியானால் யார் போய்ப் போட வேண்டும் என்று சொல்லாது. எதை எழுதக் கூடாது என்று தெரிந்தவன்தான் நல்ல புரோகிராமர்.

1993இல் பிரவுசர்கள் படம் காட்டக் கற்றுக்கொண்டன. அந்த நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்சன் என்ற இருவர், ஒரே முகவரியைக் கேட்டால் ஒரே படத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமா என்ன, கேட்கும்போதெல்லாம் அந்த நிமிடத்துப் படத்தைக் கொடுக்கலாமே என்று யோசித்தார்கள். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிற யோசனை, அன்றைக்கு மேதைமை. ஜாடி உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பகலில் உங்கள் ஊர் இருட்டாக இருக்கிறது, ராத்திரியில் விளக்கைப் போட்டு வைக்க முடியுமா என்று ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கேம்பிரிட்ஜுக்குச் சுற்றுலா வந்தவர்கள், கிங்ஸ் காலேஜ் சாப்பலை விட்டுவிட்டுக் காபி ஜாடிக்கு வழி கேட்டார்கள்.

நானும் தரிசித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கணக்கில் காசு. ஒட்டுப்பலகைத் தடுப்பு, முழங்கால் இடிக்கிற மேசை, கீச் கீச்சென்று கத்திவிட்டு இணைப்பைப் பிடிக்கிற மோடம். மாலை ஆறரை மணி இருக்கும். அங்கே மதியச் சாப்பாடு முடிகிற நேரம். படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் சுவர், அப்புறம் மெஷினின் தலை, கடைசியில் ஜாடி. முக்கால்வாசி இருந்தது. ரிஃப்ரெஷ் செய்தேன். முக்கால்வாசிதான். சென்டர் பையன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், படம் ஓடலையா?" என்றான்.

"ஓடுதுப்பா. காபிதான் குறையல."

என்னை அவன் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

2001இல் ஆய்வகம் நகரத்தின் மேற்கே வில்லியம் கேட்ஸ் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆகஸ்ட் 22 காலை கேமராவை நிறுத்தினார்கள். அது அனுப்பிய கடைசிப் படத்தில் ஜாடிகூட இல்லை, ஸ்விட்சை அணைக்கிற விரல்கள்தான். அப்போது அங்கே இருந்த, பழுதாகிப்போன க்ரப்ஸ் மெஷினை ஈபேயில் ஏலம் விட்டார்கள். ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் செய்தித்தளம் 3,350 பவுண்டு கொடுத்து எடுத்தது. க்ரப்ஸ் நிறுவனமே இலவசமாக ரிப்பேர் செய்து கொடுத்தது. ஓடாத காபி மெஷினுக்கு அந்த விலை என்றால் எங்கள் பழைய இரும்புக்கடை பாய் மயங்கி விழுந்துவிடுவார்.

அந்தக் கேமராவின் பேரன் பேத்திகள் இன்று எல்லா வாசலிலும் தொங்குகிறார்கள். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கேமரா, கீழ்த்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல ஒரு கருவி, அதற்கு ஒரு ஆப். போன கோடையில் குழாயில் காற்று வந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆப்பைத் திறந்தால் எண்பது சதவீதம் என்றது. சங்கச் செயலாளரிடம் போனேன். "சார், ஆப்ல எண்பது காட்டுது. அப்புறம் எப்படி வராம இருக்கும்?" என்று என்னையே மடக்கினார். கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்த்து, "சுத்தமா இல்ல சார்" என்றார். கேம்பிரிட்ஜ்காரர்கள் கெட்டிக்காரர்கள், எண் காட்டாமல் ஜாடியையே காட்டினார்கள்.

காபிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லையா என்பவர்களுக்கு: 1990இல் அமெரிக்காவில் இன்டெராப் என்ற கண்காட்சியில் ஜான் ராம்கி என்பவர் ஒரு ரொட்டி டோஸ்டரை இணையத்தில் இணைத்துக் காட்டினார். இணையம் வழியாகவே ரொட்டி வாட்டலாம். ரொட்டியை மட்டும் ஒருவர் கையால் வைக்க வேண்டும். அது மானக்கேடு என்று தோன்றியதோ என்னவோ, அடுத்த வருடம் ரொட்டியைத் தூக்கிப் போட ஒரு குட்டி கிரேனையும் இணையத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பார்த்தாயிற்று, வாட்டியாயிற்று. காபி போடுவதற்கு விதிமுறை வேண்டாமா? இணையத்தில் எந்தக் கணினி எந்தக் கணினியோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஆர்.எஃப்.சி. என்ற ஆவணங்கள் இருக்கின்றன. பத்திர எழுத்தரே கொட்டாவி விடுகிற நடை. அப்படிப்பட்ட உண்மையான ஆவணங்களில் கைவரிசை காட்டிய லாரி மாசின்டர், 1998 ஏப்ரல் 1 அன்று 2324ஆம் எண்ணில் ஒன்று வெளியிட்டார்: காபி ஜாடிகளை இணையம் வழியே இயக்குவதற்கான நெறிமுறை. தேதியைப் பார்த்தால் விஷயம் புரியும். நடையைப் பார்த்தால் புரியாது. காபி போட ஒரு கட்டளை. பால், சர்க்கரை, சிரப், மசாலா, ஏன், விஸ்கி ரம் வரைக்கும் என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லத் தனி வரி. கஃபீன் நீக்கிய காபிக்கு மட்டும் வழியே கிடையாது. அதைக் குடித்து என்ன பயன் என்று ஆவணமே கேட்கிறது. பால் ஊற்றும்போது போதும் என்று நிறுத்துவதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. இங்கேதான் அவர் மேல்நாட்டுக்காரர் என்பது தெரிந்துவிடுகிறது. நம் பந்தியில் 'போதும்' என்பது ரசம் பரிமாறுகிறவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லும் சைகை.

அந்த ஆவணத்தில் உலகப் புகழ் பெற்றது 418ஆம் பிழைச்செய்தி. டீ ஜாடியிடம் போய்க் காபி கேட்டால் அது சொல்ல வேண்டிய பதில்: நான் டீ ஜாடி. பக்கம் கிடைக்கவில்லை என்று வருமே 404, அதற்குத் தம்பி. விளையாட்டாக எழுதியதை உலகமெங்கும் புரோகிராமர்கள் நிஜ மென்பொருள்களில் சேர்த்துவிட்டார்கள். 2017இல் மார்க் நாட்டிங்ஹாம் என்ற வல்லுநர், உருப்படியான வேறு எதற்காவது அந்த எண் தேவைப்படலாம், நீக்குங்கள் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை. பொறுப்பார்களா நம்மவர்கள்? ஏதோ கோயில் கோபுரத்தை இடிக்க வந்த மாதிரி இயக்கம் நடத்திக் காப்பாற்றினார்கள். 2022இல் வந்த அதிகாரபூர்வ விதிகளிலும் 418 வேறு யாருக்கும் ஒதுக்காமல் விடப்பட்டிருக்கிறது. டீக்கென்று தனி விதிமுறை 2014 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. டீக்கடைகள் நிறைந்த நாட்டின் குடிமகனாக அந்தப் பதினாறு வருடத் தாமதத்தை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. அந்த 2324இல், காபி முகவரி எப்படித் தொடங்கலாம் என்று பல மொழிகளில் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்க் இருக்கிறது, எஸ்டோனிய மொழி இருக்கிறது. செயற்கையாக உண்டாக்கிய எஸ்பெராண்டோகூட இருக்கிறது. இந்தி இருக்கிறது. டீயில் பிறந்து டீயில் வளர்கிற வங்காளம் இருக்கிறது. விடிந்தால் டிகாக்‌ஷன் முகத்தில் விழிக்கிற தமிழ் இல்லை.

இதற்காக ஒரு திருத்த வரைவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சிக்கரி எத்தனை சதவீதம் என்பதற்கு ஒரு வரி. டபரா டம்ளரா, வெறும் டம்ளரா என்பதற்கு ஒன்று. ஆற்றும் உயரம், விருப்பத்துக்கு விடப்பட்டது. 'டிகாக்‌ஷன் இறங்குகிறது, ஃபில்டரைத் தட்டாதே' என்று ஒரு தற்காலிகப் பிழைச்செய்தி. 'பால் திரிந்துவிட்டது, எதிர்வீட்டில் கேட்கவும்' என்று இன்னொன்று. இது கேட்டவரைத் தானாகவே எதிர்வீட்டு முகவரிக்குத் திருப்பிவிடும்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். சிக்கரி என்ற வரியையே எடுத்துவிட வேண்டும் என்றாள். சரி என்றேன்.

"அது போகட்டும்டா. கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கணும்னு எங்க எழுதியிருக்கே?"

எழுதவில்லை. விதிமுறை என்றால் அளவு வேண்டும்; கள்ளிச்சொட்டை எந்த அலகில் சொல்வது? அவளிடமே கேட்டேன். பார்த்தாலே தெரியும் என்றாள். அப்படியானால் கேமரா ஒன்று வைக்க வேண்டியிருக்கும். ஸ்டாண்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.