விசிட் சார்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டிருக்கும். காரைக்கால் மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்துப் பட்டினச்சேரியில் அப்பாக்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பார்கள். பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூட லீவு. இரண்டு கூட்டமும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கோடை முகாம் நடக்கிறது என்பது அம்மாமார்களின் கருத்து. நடத்துகிற தொண்டு நிறுவனம் விண்ணப்பத்தில் 'வளரிளம் பருவத்தினரின் தலைமைப்பண்பு மேம்பாடு' என்று எழுதியிருக்கும். அதை எழுதியவர் நம்ம ஆள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. கொடையாளர்கள் 'விசிட்' வருவதை ஏற்பாடு செய்கிறவர் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் விசிட் சார்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் தழைத்த இனம் இந்த விசிட் சார்கள். சுனாமி வடிந்ததும் நாகப்பட்டினம், காரைக்கால் சாலையெங்கும் பேனர் கட்டிய வண்டிகள். யாரும் உடுத்த முடியாத பழந்துணி மூட்டைகள் சாலையோரம் குவிந்தன. வந்தவர்களுக்கு வழி காட்டப் போன பையன்களில் சிலர், கொடுக்க வருகிறவருக்கு என்ன பார்க்கப் பிடிக்கும் என்பதை அப்போதே பாடம் பண்ணிவிட்டார்கள். பிறகு 2013-ல் கம்பெனிச் சட்டம் மாறி, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று ஆனது. இவர்கள் பிழைப்பும் நிலைத்தது.

வருகிறவரை உபசரிக்க இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அவருடைய தேவி பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பதால் மீனவர்கள் பெருமாளை மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்பார்கள். விசிட் சாரும் கொடையாளரை மறுவீடு வந்த மாப்பிள்ளையாகத்தான் நடத்துகிறார். பெருமாள் திரும்பிப் போய் ரசீது கேட்டு மெயில் போடுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். இதே ஊரில் காளமேகப் புலவர் புரவலனோடு மல்லுக்கட்டி, மண்மாரி பெய்யச் சபித்ததாகவும் ஒரு கதை உண்டு. விசிட் சார் அந்த வழிக்குப் போகிறவரில்லை.

கொடையாளர் வரும் நாளில், புதுச்சேரிப் பகுதி தொடங்கும் வாஞ்சூர் எல்லையில் டீக்கடையில் ஒரு தம்பியை விசிட் சார் உட்கார வைத்திருப்பார். "சார், வண்டி வந்துருச்சு... இல்ல சார், டிரைவர் ஒயின்ஷாப் பக்கம் ஒதுக்குறாரு." புதுச்சேரியின் மலிவான மது விலைக்கு ஆசைப்படாத டிரைவர் உண்டா? அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை தலை சீவப்படும். போன வருஷக் கொடையாளரின் பெயர் மேல் புதுப் பெயரின் ஸ்டிக்கர் ஒட்டப்படும். கடற்காற்று ஸ்டிக்கரின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கிக் காட்டும். அந்த மூலையில் ஒரு பையனை நிற்க வைத்துவிடுவார்.

அப்புறம் நோட்டுப் புத்தக வைபவம். கொடுக்கிறவர் கை, வாங்குகிற கை, நடுவில் நோட்டு. நான்கு கண்ணும் கேமராவில் இருக்க வேண்டும், நோட்டின் அட்டை மறையக் கூடாது. சரியாக விழவில்லையென்றால் பிள்ளை நோட்டைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கும். ஒரே நோட்டை நாலு தடவை வாங்கிய சிறுமி ஒருத்தி, ஐந்தாவது தடவை தானாகவே கையை நீட்டித் தலையை லேசாகச் சாய்த்ததை நான் பார்த்தேன். சினிமாக்காரர்கள் பார்த்திருந்தால் கொத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

நினைவுப் பரிசு, பிள்ளைகள் கைப்படச் செய்த சிப்பி மயில் என்று அறிவிக்கப்படும். கைப்படச் செய்தது உண்மைதான். ஆனால் உள்ளே நத்தை இருப்பதைக் கவனிக்காமல் ஒட்டிவிட்டதால் இரண்டாம் நாளே அறையில் யாரும் உட்கார முடியவில்லை. மேடையேறும் மயில் வேளாங்கண்ணி கடைவீதியில் பேரம் பேசி வாங்கியது.

அவரைத் தூங்கவிடாதது கணக்கு. இந்த மாவட்டத்தின் பழைய தணிக்கையை எல்லோரும் அறிவார்கள்: பரமதத்தன் கொடுத்தனுப்பிய மாங்கனி இரண்டு, சாப்பிட்டது ஒன்று, இன்னொன்று எங்கே? காரைக்கால் அம்மையாருக்குச் சிவபெருமானே கைமாற்றாக ஒரு கனி கொடுத்தார். விசிட் சாருக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. தொண்டு நிறுவனங்கள் வாங்கும் வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 2020-ல் 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது விருந்தாளி குடித்த இளநீர் நிர்வாகமா, நிகழ்ச்சியா? ஓர் இரவு முழுக்க யோசித்து 'கடலோரத் தென்னைச் சூழல் அறிமுகம்' என்று எழுதினார். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. கொடையாளர் பணத்தில்தான் அம்பது பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்க மத்தியானச் சாப்பாடு.

போன முகாமுக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். ஒத்திகைக்கு வராத ஒரு வாண்டைப் பிடித்து, "கேம்ப்ல உனக்கு ரொம்பப் பிடிச்ச நாள் எதுடா கண்ணு?" என்று கேட்டார். விசிட் சார் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க வர்ற நாளு சார்!"

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்டா தம்பி?"

"அன்னிக்கித்தான் பிரி—"

விசிட் சார் படபடவென்று கைதட்டினார். அம்பது பிள்ளைகளும் சேர்ந்து தட்டியதில் மிச்சம் யார் காதிலும் விழவில்லை. இந்த வருஷ விண்ணப்பத்தில் கொடையாளர் வருகை இரண்டு நாள் என்று போட்டிருக்கிறார்.